மாயன்களைத் தமிழர்கள் ஆக்காதீர்கள், புண்ணியமாகப் போகும்!

மெக்சிகோவுக்குப் புதிதாக வந்து இறங்குகிற தமிழ்க் குடும்பத்துக்கு முதல் மாதத்திலேயே மூன்று விஷயங்கள் சொல்லிக் கொடுக்கப்படும். ஒன்று, உளுந்து எந்தக் கடையில் கிடைக்கும். இரண்டு, குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. மூன்று, இந்த ஊர் மாயன்கள் எல்லாம் ஆதியில் நம்ம ஆளுங்க.

முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பொய். ஆனால் பிள்ளைகள் மனதில் ஆழமாகப் பதிவது அந்த மூன்றாவதுதான். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குவாதலஹாராவில் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். பிறந்த ஊர் அம்பூரி. தெரியாதவர்களுக்காக: திருவனந்தபுரம் ஜில்லாவில், நெய்யாறு அணைப் பக்கம், அகத்தியர் மலை அடிவாரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிற ஊர். ரப்பர், மரச்சீனி, மழை. 2001 நவம்பரில் மலை இடிந்து வீடுகளை மூடியபோதுதான் எங்கள் ஊர்ப் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது.

இங்கே நம் விழாக்களில் 'அகத்தியர் மலை' என்று வாயைத் திறந்தால் போச்சு. "அப்படிப் போடுங்க! உங்க அகத்தியர்தானே சார் இங்க வந்து இவங்களுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மயன்தான் மாயன். தமால் என்பது தமிழ். பிரமிடு என்பது கோபுரம். போன பொங்கல் விழாவில் ஒரு அண்ணாச்சி முக்கால் மணி நேரம் இதையே பேசினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. சாப்பாடு ஆறியது.

சரி, ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் தமால். சோளமாவைப் பிசைந்து, உள்ளே ஏதாவது வைத்து, சோள மட்டையில் சுற்றி ஆவியில் வேக வைப்பது. எங்கள் பக்கம் தெரளி இலையில் மாவைப் பொதிந்து அவிப்பார்களே, பார்த்தால் அதன் அக்கா மாதிரி இருக்கும். ஆனால் சொல் நாவாட்ல் மொழிச் சொல். மூலம் 'தமல்லி'. அஸ்தெக்குகளின் மொழி அது. மாயா மொழியே கிடையாது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரம் தமிழுக்கும் சம்ஸ்கிருதத்துக்கும் இருப்பதைப் போல. மாயன் தமிழன் என்று நிரூபிக்க அஸ்தெக் சொல்லைக் கொண்டுவருவது, பக்கத்து வீட்டுப் பத்திரத்தைக் காட்டி நம் வீட்டுக்குக் கடன் கேட்பது போல.

இரண்டாவது, மொழி உறவு. ஒலி ஒத்துப்போகிற நாலு சொல்லை எந்த இரண்டு மொழியிலும் பொறுக்கிவிடலாம். உறவு இருந்தால் அடிப்படைச் சொற்களில் தெரிய வேண்டும். பாகிஸ்தானின் பலுச்சிஸ்தானில் பிராகுயி என்று ஒரு மொழி. நம்மிடமிருந்து எத்தனையோ ஆயிரம் வருஷம் முன்பு பிரிந்தது. அதில் ஒன்று, இரண்டு, மூன்றுக்கு அசித், இரத், முசித். நடு இந்தியாவின் கோண்டியில் உந்தி, ரண்ட், முந்த், நாலுங். கேட்டவுடனே 'அட, நம்ம சொந்தம்' என்று தெரிகிறதா? இப்போது யுகத்தான் பகுதியின் மாயா மொழியில் ஒன்று முதல் ஐந்து வரை: ஹுன், கா, ஓஷ், கன், ஹோ. எங்கே சார் தமிழ்? எண்ணுவதுகூட அவர்களுக்கு இருபது இருபதாக. நமக்குப் பத்துப் பத்தாக.

மூன்றாவது, பிரமிடு. சிச்சென் இட்சாவின் பெரிய பிரமிடில் நாலு பக்கமும் 91 படி, மேலே ஒன்று, ஆக 365. வருஷத்தின் நாள் கணக்கு. ஒரு பழைய பிரமிடின் மேல் இன்னொன்றைப் போர்த்திப் போர்த்திக் கட்டிய கட்டடம் அது. உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பழைய பிரமிடுகள் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் உள்ளே கூடாக எழும்புவது. நடுவில் கருவறை, அதைச் சுற்றித்தான் எல்லாமே. கட்டுகிற முறையும் வேறு, நோக்கமும் வேறு. உயரமாகக் கட்ட வேண்டுமென்றால் அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும்தான் கட்ட முடியும். மணலைக் குவிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும், அதற்கு அகத்தியர் கப்பலேற வேண்டாம் :-)

கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி ஐயா, மாயா கட்டடங்களை நம் சிற்ப சாஸ்திரத்து மயனோடு ஒப்பிட்டுப் பேசியவர். உடனே அவரை இழுப்பார்கள். அவருடைய உளிக்கு என் வணக்கம். எங்கள் ஊரிலிருந்து ஒரு எட்டுப் போனால் குமரி, அந்தச் சிலையைப் பார்த்தாலே கை குவியும். ஆனால் ஒரு மாபெரும் சிற்பியின் வியப்பு வேறு, வரலாற்றுச் சான்று வேறு.

சான்று எங்கே இருக்கிறது? கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதுதான் நம் ஆட்களுக்குத் தெரியாத, தெரிந்தால் கதையே முடிந்துவிடுகிற இடம்.

1562-ல் யுகத்தானில் மானி என்ற ஊரில், தியேகோ தே லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயா ஏடுகளைக் குவித்துத் தீ வைத்தார். சாத்தானின் வேலை என்றார். அங்கும் மற்ற இடங்களிலும் அழிந்தது போக, இன்று உலகம் முழுவதும் சேர்த்து மிச்சம் நாலே நாலு ஏடு. அதே லாந்தா பின்னால் யுகத்தானைப் பற்றி எழுதியபோது, மாயா எழுத்துகளுக்கு ஒரு அரைகுறை 'அரிச்சுவடி' குறித்து வைத்தார். எரித்த கையே சாவியையும் விட்டுப் போனது. 1952-ல் லெனின்கிராடில் யூரி க்னோரோசவ் என்ற இளைஞர் அந்தச் சாவியை வைத்துத்தான் எழுத்தைத் திறக்க ஆரம்பித்தார். அதே 1952-ல் பலெங்கேயில், ஒரு பிரமிடுக்கு அடியில் பகால் என்ற அரசரின் கல்லறை கிடைத்தது.

இன்றைக்கு அந்தக் கல்வெட்டுகளில் பெரும்பகுதியை வாசிக்க முடிகிறது. பகால் 12 வயதில், 615-ல் பட்டத்துக்கு வந்தார், 683-ல் இறந்தார். இங்கே நரசிம்மவர்மப் பல்லவர் வாதாபியைப் பிடித்த அதே காலம். பிறந்த நாள், பட்டமேற்ற நாள், போர், அம்மா பெயர் எல்லாம் இருக்கிறது. எல்லாம் மாயா குடும்பத்து மொழியில். தமிழ் இல்லை. வடமொழியும் இல்லை. வேறு யாரும் வந்து சொல்லிக் கொடுத்த தடயமும் இல்லை. சொந்தக்காரனே எழுந்து நின்று "நான் இன்னாருடைய பிள்ளை" என்று சொல்கிறான். நாம் அவன் வாயைப் பொத்தி, "நீ சும்மா இரு, உனக்குத் தெரியாது, நீ எங்க வீட்டுப் பிள்ளை" என்கிறோம்.

இப்படிச் சொன்னவர்கள் வரிசையில் நாம் முதல் ஆள்கூட இல்லை. இஸ்ரேலின் தொலைந்த கூட்டம்தான் இவர்கள் என்றார் ஒரு ஆங்கிலேயப் பிரபு. எகிப்தோடு முடிச்சுப் போட்டார் இன்னொருவர். 1940-ல் சமன் லால் 'ஹிந்து அமெரிக்கா' என்றே புத்தகம் போட்டார். 1968-ல் எரிக் ஃபான் தானிக்கன் வந்து, பகாலின் கல்லறை மூடியில் இருப்பது ராக்கெட் ஓட்டுகிற விண்வெளிக்காரர் என்றார். இவர்கள் எல்லோரும் அடித்துக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: இதைக் கட்டியது மாயன்களாக இருக்க முடியாது! குடிசையில் இருக்கிற இந்தக் கறுத்த, குள்ளமான மனிதர்களா இதைக் கட்டினார்கள்? இருக்காது, யாரோ வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். இதுதான் மொத்தக் கதைக்கும் அஸ்திவாரம். இத்தனைக்கும் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்கப் பயணி 1841-லேயே, இங்கே வாழ்கிற மக்களின் முன்னோர்தான் கட்டினார்கள் என்று எழுதிவிட்டார்.

கறுத்த, குள்ளமான மனிதர்கள். கொஞ்சம் கண்ணாடியைப் பார்க்கலாமா, மக்களே?

"அதனால் என்ன நஷ்டம்? நம்ம பிள்ளைகளுக்கு ஒரு பெருமை, அவ்வளவுதானே" என்பார்கள். நஷ்டம் இருக்கிறது, சொல்கிறேன்.

மாயன்கள் மறைந்துபோனவர்கள் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி மெக்சிகோவில் யுகத்தான் பகுதி மாயா பேசுகிறவர்கள் மட்டும் ஏறத்தாழ 7.7 லட்சம் பேர். அதோடு சொந்தம் உள்ள மற்ற மாயா மொழிகள், குவாத்தமாலாவையும் சேர்த்தால், முப்பது வரும். நாம் கான்கூனுக்குக் குடும்பத்தோடு போகிறோமே, அந்த ஓட்டலில் படுக்கை விரிக்கிற அம்மா, தோட்டத்தில் இலை பொறுக்குகிற தாத்தா, பெரும்பாலும் அவர்கள்தான். பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசினால் அடி வாங்கிய தலைமுறை அது. நாம் அவர்கள் பாட்டன் கட்டியதைப் பார்த்துவிட்டு வந்து, அவர்கள் நகர்த்தித் தருகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இதெல்லாம் நம்ம ஆளுங்க கட்டினது" என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியிருப்போமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அதற்கு அம்பூரிதான் காரணம்.

1956 நவம்பர் 1. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்கள் ஊர் அன்றைக்கு அந்தத் தாலுகாவில். பாறசாலையில் இருந்துகொண்டு களியக்காவிளைச் சந்தைக்குப் போகிறவனுக்கு ஒரே நாளில் அது வேறு மாநிலமானது. 1848-ல் பாதி நாட்டை அமெரிக்காவிடம் இழந்த மெக்சிகோவில் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். ஆட்கள் நகரவே இல்லை, கோடுதான் நகர்ந்தது.

அதன்பிறகு எங்களுக்கு நாங்கள் யார் என்று சொல்லாத ஆளே கிடையாது. திருவனந்தபுரத்துக் கல்லூரியில் நான் 'பாண்டி'. சென்னையில் முதல் வேலையில் நான் 'மலையாளி'. வீட்டில் பேசுகிற பாஷையைக் கேட்டு இரண்டு பக்கமும் சிரிப்பு. 'உன் தமிழ் தமிழே இல்லை' என்று ஒருவன், 'உன் மலையாளம் கெட்ட மலையாளம்' என்று இன்னொருவன். எங்களைக் கேட்டவர் யாரும் இல்லை. இன்னொருவர் நம் பேரை மாற்றி எழுதுவது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

எங்களுக்கும் மேலே, காட்டுக்குள், காணிக்காரர்கள் இருக்கிறார்கள். 1987-ல் அகத்தியர் மலைக் காட்டுக்குள் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் மூச்சு வாங்கி நிற்கும்போது, வழிகாட்டிய காணிகள் ஒரு சின்னக் காயைக் கடித்துக்கொண்டு களைப்பே இல்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோடு தாவரவியல் பூங்கா ஆய்வகம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் தந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்கென்று ஒரு அறக்கட்டளை பதிவானது. உலகமே பேசிய ஏற்பாடு. குறைகள் சொல்லப்பட்டாலும், 'இது யாருடைய அறிவு' என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் எழுதப்பட்டது. ஆனால் ஊரில் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், "அதெல்லாம் அகத்தியர் சொன்ன மூலிகையாக்கும்" என்பார்கள். காணிக்கு அங்கேயும் இடமில்லை. அகத்தியரைக் காணி தலையில் வைத்தது போதாதென்று, இப்போது கடல் கடந்து மாயன் தலையிலும் வைக்கிறோம்.

உறவு வேண்டும், அவ்வளவுதானே? உறவு இருக்கிறது. அதைப் பிரமிடில் தேடாதீர்கள், தோட்டத்தில் தேடுங்கள்.

யுகத்தானில் எனெக்கேன் என்று ஒரு கத்தாழை. அதன் நாரில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்கே கயிறு திரித்தார்கள். அந்தத் தோட்டங்களில் மாயன்கள் கடனுக்கு அடிமை. தோட்டத்துக் கடையில்தான் சாமான், கடன் தீராது, அப்பன் கடன் பிள்ளை தலையில். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியும் 'துண்டு' முறையும் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? 1847-ல் மாயன்கள் நிலத்துக்காகவும் வரிக்கொடுமைக்காகவும் கிளர்ந்து எழுந்தார்கள். அந்தப் போர் 1901 வரை இழுத்தது. பிடிபட்டவர்களைக் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றி விற்றார்கள். 1861-ல்தான் பெனித்தோ ஹுவாரஸ் அதைத் தடை செய்தார். அதற்கு முந்தின வருஷம், 1860-ல், சென்னையிலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் கப்பல் போயிருந்தது. அதில் ஏறியவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள்.

அந்த எனெக்கேன் பண்ணை வீடுகள் சில இன்றைக்கு ஆடம்பர ஓட்டல்கள். நம்மவர்கள் அங்கே போட்டோ எடுத்துக்கொள்கிறோம். நுவரெலியாவில் லயன் வீட்டுக்கு முன்னால் அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்போமா?

இன்னும் கேளுங்கள். ஏடு எரித்த மானியைச் சொன்னேன். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்து இன்றும் தொண்டை அடைக்கிற இனம் நாம். அதே 1981 முதல் 1983 வரை பக்கத்து குவாத்தமாலாவில் மாயா கிராமங்கள் கூட்டம் கூட்டமாக அழிக்கப்பட்டன. அந்த நாட்டு உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேர் செத்தார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்றும், அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயன்கள் என்றும், நடந்தது இன அழிப்பு என்றும் ஐ.நா. ஆதரவோடு அமைந்த உண்மை அறியும் ஆணையம் 1999-ல் எழுதியது. ரிகோபெர்த்தா மெஞ்சு என்ற மாயா பெண்ணுக்கு 1992-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் விழா மேடைகளில் மயன் பெயரை நூறு தடவை கேட்டிருக்கிறேன். மெஞ்சு பெயரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. செத்த அரசர்கள் நம் சொந்தம், செத்துக்கொண்டிருந்த சனங்கள் நம் சொந்தம் இல்லையாக்கும்!

நேரடித் தொடர்பு வேண்டுமா, அதுவும் இருக்கிறது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் நடுவே கப்பல் ஓடியது. மாம்பழம் அந்தப் பாதையில்தான் வந்தது, இங்கே சந்தையில் ஒரு மாம்பழத்தின் பெயரே 'மணிலா'. கொலீமா பக்கம் தென்னையிலிருந்து இறக்கி 'தூபா' என்று விற்கிறார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் அந்தக் கப்பல்களில் கொண்டுவந்த வித்தை. எங்கள் ஊர் அக்கானி ஞாபகம் வரும். அதே வழியில் மனிதர்களையும் விற்றார்கள். போர்த்துக்கீசியரிடம் பிடிபட்டு, கொச்சியில் ஞானஸ்நானம் பெற்று, மணிலாவில் விற்கப்பட்டு, இங்கே புவெப்லா நகருக்கு வந்து சேர்ந்த கத்தரீனா தே சான் ஹுவான் என்ற இந்தியப் பெண் 1688-ல் இறந்தபோது, ஊரே அவரைப் புனிதையாகக் கும்பிட்டது. பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா?

இங்கிருந்து நமக்கு வந்ததும் கொஞ்சமில்லை. 1966-ல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை வாங்கிப் பசுமைப் புரட்சியைத் தொடங்கியது. அந்த முயற்சியில் முன்னால் நின்ற எம்.எஸ்.சுவாமிநாதன் கும்பகோணத்துக்காரர். மிளகாய் இந்த மண்ணின் பயிர். நம்மிடம் வந்ததும் மிளகு மாதிரி உறைக்கிற காய் என்று அருமையாகப் பெயர் வைத்துக்கொண்டோம். அம்பூரியில் மரச்சீனியை அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்துத் தொட்டுத் தின்றுதான் நான் வளர்ந்தேன். கிழங்கும் மிளகாயும் இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. நாளைக்கு ஒரு மெக்சிகோக்காரர் சென்னைக்கு வந்து, "மிளகாய் தின்கிற நீங்கள் எல்லாம் ஆதியில் எங்கள் ஆட்கள், தஞ்சைக் கோயிலைக் கட்டியது நாங்கள்" என்று மேடையில் முக்கால் மணி நேரம் பேசினால், கைதட்டுவோமா?

சைபர் என்ற கருத்தை மாயன்கள் தாங்களே கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலும் தனியாகக் கண்டுபிடித்தார்கள். கடல் நடுவே கிடக்க, ஒருவரை ஒருவர் தெரியாமல், இரண்டு சனங்கள் 'ஒன்றுமில்லை' என்பதற்கு ஒரு குறி போட்டன. இது எவ்வளவு பெரிய அதிசயம்! 'நாம்தான் சொல்லிக் கொடுத்தோம்' என்று ஒரு வரியில் இந்த அதிசயத்தைக் கொன்றுவிடுகிறோம்.

கீழடியில் நம் மண்ணைத் தோண்டி, நம் எழுத்தை நாமே வாசித்து, 'இது எங்களுடையது' என்று சொல்கிறோம். அங்கே யாராவது வந்து இது வேறு யாருடையதோ என்று சொன்னால் சும்மா விடுவோமா? அந்த உரிமை மாயனுக்கும் உண்டு. கீழடிக்கு ஒரு நியாயம், பலெங்கேக்கு ஒரு நியாயம் என்றால் அதற்குப் பெயர் வேறு.

அடுத்த லீவில் யுகத்தான் போகிறவர்கள் ஒரு நாள் மானிக்கும் போய்வாருங்கள். வழிகாட்டியாக ஒரு மாயா மனிதரையே பிடியுங்கள், அவர் வாயால் கதை கேளுங்கள். பிள்ளைகளுக்கு இதைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளைக் காட்டுங்கள். திட்டுகிறவர்கள் தாராளமாக என்னைத் திட்டலாம். திட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: ஹுன், கா, ஓஷ், கன், ஹோ.